மணிக்கொரு பிரமாணம்

ஒருவன் சொன்ன சொல் மெய்யென்று நமக்கு எதனால் தெரிகிறது, அந்தச் சொல் பிறந்த அளவிலேயே தெரிந்துவிடுகிறதா, அல்லது புறத்தேயிருந்து வேறொரு சான்று வந்து கைகொடுத்த பின்னரே தெரிகிறதா என்னும் வினா, மீமாம்சகருக்கும் நையாயிகருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் நடந்த பெரிய வழக்கு. ஞானத்தின் பிராமாணியம் ஞானத்தோடு கூடவே பிறக்கிறது, அதைக் கெடுப்பதற்குத்தான் வெளியிலிருந்து ஏதேனும் வரவேண்டும் என்பார் மீமாம்சகர். ஞானம் பிறந்தால் மட்டும் போதாது, அது மெய்யென்பதும் பொய்யென்பதும் இரண்டுமே வெளியிலிருந்துதான் நிச்சயப்பட வேண்டும் என்பார் நையாயிகர். சுவதப்பிராமாணியம், பரதப்பிராமாணியம் என்று சாஸ்திரப் பெயர் பூண்ட இவ்விரு கொள்கைகளும் ஏட்டுச் சுவடிகளோடு உறங்கிவிட்டன என்று எண்ணுகிறவர்கள், உலக இணையத்தின் வழிகளைப் பரிசோதிக்கும் பொருட்டு எங்கெங்கோ உள்ள சர்வர்களில் மணிக்கு ஒரு தரம் ஆள் ஏவாமலே தொடங்கி, ஆள் பார்க்காமலே முடிகிற ஒரு சிறு வேலையைக் கூர்ந்து நோக்குவார்களானால், அவ்விரண்டும் அங்கே ஓயாமல் உழைத்துக்கொண்டிருப்பதைக் காண்பார்கள்.

இணையம் என்று நாம் ஒருமையில் வழங்குவது உள்ளபடி 70,000க்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகளின் கூட்டமேயாகும். அவற்றுள் ஒவ்வொன்றும் தன் அயலாரைப் பார்த்து, இன்ன முகவரித் தொகுதி என்னிடத்தில் உள்ளது, அதற்குரியவற்றை என் பக்கம் அனுப்புங்கள் என்று அறிவிக்கிறது. அயலார் அதைத் தம் அயலாருக்கு உரைக்க, அவர்கள் தம் அயலாருக்கு உரைக்க, சில நிமிஷங்களுக்குள் அந்த வார்த்தை பூமண்டலம் முழுவதும் பரவிவிடுகிறது. இவ்வறிவிப்புகளுக்கு இலக்கணம் வகுத்த பி.ஜி.பி. என்னும் நெறிமுறை 1989ஆம் ஆண்டில், சாப்பாட்டு வேளையில் கைதுடைக்கும் காகிதங்களின்மேல் எழுதிய குறிப்புகளிலிருந்து உருவானது. அக்காலத்தில் வலையமைப்புகளை நடத்தியவர்கள் ஏறக்குறைய ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டத்தினர். ஆதலால் சொல்லுகிறவன் பொய் சொல்லக்கூடும் என்ற நினைப்புக்கு அந்த இலக்கணத்தில் ஒரு சூத்திரமும் எழுதப்படவில்லை. கேட்டதை நம்பு, நம்பியதை மேலே சொல் என்பதே அதன் முழு ஒழுக்கமாயிருந்தது.

அந்த ஒழுக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி எல்லாருக்கும் விளங்கிற்று. யூடியூபைத் தன் நாட்டில் தடுக்கும்படி பாகிஸ்தான் அரசாங்கம் ஆணையிட, பாகிஸ்தான் டெலிகாம் அந்த ஆணையை நிறைவேற்றும் உபாயமாக, யூடியூபின் முகவரிகளில் 256 கொண்ட ஒரு துண்டு தன்னிடமே இருப்பதாக அறிவித்துக்கொண்டது. நாட்டு எல்லைக்குள் அடங்கியிருக்க வேண்டிய அவ்வறிவிப்பு ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. நிறுவனத்தின் வழியாக வெளியே கசிந்தது. யூடியூப் தானே அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட பெருந்தொகுதி. பெரியதும் சிறியதும் முரணும்போது சிறியதே செல்லும் என்பது பி.ஜி.பி.யின் விதி, ஆகவே உலகத்தார் யூடியூபுக்கு அனுப்பியவையெல்லாம் பாகிஸ்தானை நோக்கிச் சென்று அங்கே மறைந்துபோயின. இந்நிலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. அன்று எந்த ரூட்டரும் பழுதுபடவில்லை என்பதும், ஒவ்வொன்றும் தான் கேட்டதைக் கேட்டபடி நம்பித் தன் கடமையைக் குறைவறச் செய்தது என்பதும் தத்துவ விசாரணை செய்வோர் குறித்துக்கொள்ள வேண்டியவை.

மீமாம்சகர் கட்சியை இந்த நிகழ்ச்சியினால் தோற்றதாகச் சொல்லிவிடக் கூடாது. குமாரில பட்டர், தம் சுலோகவார்த்திகத்தில், எல்லா ஞானமும் பிறப்பிலேயே மெய்ம்மை உடையது என்று நிறுத்தியபோது, பொய்யே இல்லை என்று சொன்னாரில்லை. காரணத்தில் தோஷம் உண்டென்று தெரிந்தாலும், எதிரான ஞானம் ஒன்று வந்து பாதித்தாலும் முந்தின ஞானம் விழுந்துவிடும் என்றே சொன்னார். அவர் வலியுறுத்தியது ஒன்றுதான்: தோஷம் காணாத இடத்தில் நம்புவதற்குத் தனியாக ஒரு சான்று கேட்கத் தொடங்கினால், அந்தச் சான்றுக்கு ஒரு சான்று, அதற்கு ஒரு சான்று என்று முடிவில்லாமல் போக நேரும், அனவஸ்தை என்னும் அந்தப் படுகுழியில் விழுந்தவன் ஒரு காரியமும் செய்ய மாட்டான். சோதனை வேண்டுமென்று தோன்றினாலும் மூன்று நான்கு ஞானங்களுக்கு அப்பால் போகவேண்டியதில்லை என்று அவர் கணக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். 1989இன் நெறிமுறைக்கு வாய்த்த குறை நம்பியது அன்று. பாதிக்கும் ஞானம் வந்து சேருவதற்கு ஒரு வாயில் வைக்காமல் நம்பியதே குறை.

அந்த வாயிலைத் திறந்தது ஆர்.பி.கே.ஐ. என்று சுருக்கிச் சொல்லப்படும் ஏற்பாடு; 2012இல் இதன் அடிப்படை வரைவு வெளியாயிற்று. முகவரித் தொகுதியை உடையவன், இத்தொகுதியை இன்ன எண்ணுள்ள வலையமைப்பே அறிவிக்கலாம், இவ்வளவுக்கு மேல் துண்டாக்கி அறிவிக்கலாகாது என்று ஒரு பத்திரம் எழுதிக் கணித முறையால் கையொப்பமிட்டு வைக்கிறான். அப்பத்திரத்துக்கு ரோவா என்று தொழிலார் பெயர் சொல்லுவர். அவனுக்குக் கையொப்ப உரிமை எப்படி வந்ததென்றால், அவனுக்கு முகவரியை வழங்கியவர் கொடுத்த சான்றிதழால். அவருக்கு எப்படி வந்ததென்றால், அவருக்கு மேலுள்ளவர் கொடுத்த சான்றிதழால். இப்படி மேலே ஏறிச் செல்லும் படிகள் ஐந்து தலைமைகளில் போய் முடிகின்றன: ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைப், ஆசிய பசிபிக் நாடுகளுக்குப் பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக், வட அமெரிக்காவுக்கு ஆரின், லத்தீன் அமெரிக்காவுக்கு மாண்டிவிடியோவில் உள்ள லாக்னிக், ஆப்பிரிக்காவுக்கு மொரீஷியஸில் உள்ள ஆப்ரினிக். ரோவாவிலிருந்து தலைமை வரைக்கும் உள்ள படிகள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்குதான். குமாரிலர் சொன்ன தொகையோடு இது பொருந்தி வருவதை யதேச்சை என்று ஒதுக்கிவிடலாம். எனினும், எந்தக் காலத்து மனிதனும் சான்றுக்குச் சான்று தேடி ஏறும்போது ஏறத்தாழ அந்த உயரத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுகிறான் என்று நினைக்க எனக்குப் பிரியமாயிருக்கிறது.

ஆனால் அந்த ஐந்தின் மெய்ம்மைக்கு யார் சான்று? சோதனைக் கருவியோடு ஐந்து சிறு கோப்புகள் கூடவே வருகின்றன. திறந்து பார்த்தால், தலைமைச் சான்றிதழ் கிடைக்கும் முகவரி ஓரிரு வரியிலும், அதன் கீழே ஒரு பொதுச்சாவியைக் குறிக்கும் எழுத்துக் குவியலும், அவ்வளவே இருக்கும். அந்தச் சாவி ஏன் நம்பத்தக்கது என்பதற்கு அக்கோப்பில் ஒரு சொல்லும் இல்லை. தலைமைச் சான்றிதழைக் கையொப்பமிட்டது அதே தலைமைதான். நாகார்ஜுனர், தம் விக்ரஹவ்யாவர்த்தனியில், பிரமாணத்தால் பொருள் சித்திக்கிறது என்பீர்களானால் அந்தப் பிரமாணம் எதனால் சித்திக்கிறது என்று நையாயிகரை மடக்கிய இடம் இதுவே. கௌதமரின் நியாய சூத்திரம் இதற்குத் துலாக்கோலைக் காட்டி விடை சொல்லுகிறது: பொன்னை நிறுக்கும்போது கோல் பிரமாணம், அக்கோலில் ஐயம் வந்து, முன்பே நிறை தெரிந்த பொன்னை வைத்துக் கோலைச் சோதிக்கும்போது அதே கோல் பிரமேயம், அதாவது அளக்கப்படும் பொருள். ஆகவே பிரமாணம் என்பது ஒரு பொருளுக்கு நிரந்தரமாக வழங்கிவிட்ட பட்டம் ஆகாது. ஒரு வேளையில் அது ஏற்கும் வேலையே அது. இந்த விடை நாகார்ஜுனரை முற்றும் அடக்கிவிட்டதென்று நான் சொல்லத் துணியேன். ஆயினும் சர்வர் நடத்துகிறவனுக்கு இதைவிடப் பயனுள்ள விடை இன்றுவரை கிடைத்ததாகத் தெரியவில்லை.

இனி, இச்சோதனை ஏன் மணிக்கு மணி நடக்கவேண்டும்? ஒரு முறை நிச்சயித்த மெய் நாளைக்கும் மெய்தானே என்று கேட்பது இயல்பு. ஆர்.பி.கே.ஐ.யில் அப்படி இல்லை. ஒவ்வொரு களஞ்சியத்திலும் இன்று இருக்கும் பத்திரங்கள் இவை, இவற்றின் முத்திரை இது என்று பட்டியலிடும் ஓர் ஓலை உண்டு. ரத்தான சான்றிதழ்களின் ஓலை ஒன்று வேறு. இவை பெரும்பாலும் ஓரிரு நாள் அளவுக்கே செல்லும்படி எழுதப்படுகின்றன. முகவரிகள் கைமாறுகின்றன, நிறுவனங்கள் இணைகின்றன, நேற்று உரிமை பெற்றிருந்தவன் இன்று இழந்திருப்பான். ஆதலால் சோதனையின் விளைவாகிய நிச்சயத்துக்கும் ஒரு காலாவதி குறிக்கப்படுகிறது. ஓபன்பிஎஸ்டி என்னும் இயங்குதளத் திட்டத்தார் ஆக்கிய ஆர்.பி.கே.ஐ.-கிளையன்ட் என்னும் கருவி, தான் எழுதித் தரும் முடிவுப் பட்டியலில் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும், இது இன்ன நேரத்துக்கு மேல் செல்லாது என்று குறித்தே தருகிறது. மெய்யென்பது முக்காலத்திலும் பாதிக்கப்படாதது என்று வேதாந்திகள் இலக்கணம் சொன்ன தேசத்தில் பிறந்த நமக்கு, பக்கத்திலேயே முடிவு நாள் எழுதிய மெய் என்பது முதலில் சற்று உறுத்தத்தான் செய்யும்.

அந்தக் கருவியை நேரம் தவறாமல் ஓட்டும்படி ஓபன்பிஎஸ்டியின் கிரான் அட்டவணையில் ஒரு வரி முன்னமே எழுதப்பட்டு வருகிறது. கிரான் அட்டவணையின் வரி ஒவ்வொன்றும் நிமிஷம், மணி, மாதத்தின் நாள், மாதம், வாரத்தின் நாள் என்ற ஐந்து கட்டங்களோடு தொடங்கும். பின்னர்தான் செய்யவேண்டிய காரியம். கர்மங்களுக்கு முன்னால் அயனம், ருது, மாசம், பக்ஷம், திதி, வாரம் என்று காலத்தைச் சொல்லி, அதன் பிறகே இன்னது செய்கிறேன் என்று சங்கல்பம் செய்துகொள்ளும் வைதிகன் இவ்வரியைக் கண்டால், பாஷை புரியாவிட்டாலும் ஒழுங்கு புரிந்துகொள்வான். இந்த வரியில் நிமிஷத்துக்குரிய கட்டத்தில் எண் எதுவும் இல்லை. ஓர் அலைக்குறி இருக்கிறது. மற்ற நான்கு கட்டங்களிலும் நட்சத்திரக் குறி, அதாவது எந்த மணியானாலும் எந்த நாளானாலும் சரி என்பது பொருள். அலைக்குறியின் கருத்து, எந்த நிமிஷம் என்பதை அட்டவணையை ஏற்றும்போது இயந்திரமே தற்செயலாகத் தேர்ந்துகொள்ளட்டும் என்பது. உலகத்திலுள்ள சர்வர்கள் எல்லாம் மணி அடித்தவுடன் ஒருமித்துக் கிளம்பி ஐந்து தலைமைகளின் களஞ்சியங்களை முற்றுகையிடாமல், மணி நேரம் முழுவதிலும் பரவி வருவதற்காகவே இந்த ஏற்பாடு. வேறு சர்வர்களில் சிஸ்டம்டி டைமரில் சிறிது தாமதத்தைத் தற்செயலாகக் கூட்டிக்கொள்வதும் இதற்கே.

அக்கட்டங்களை அடுத்து இரண்டு எழுத்துகள் வருகின்றன. ஒன்று, முந்தின சோதனை முடியாமல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவதைத் தொடங்காதே என்கிறது. மற்றொன்று, காரியம் பழுதின்றி முடிந்தால் எனக்குக் கடிதம் எழுதாதே, தவறினால் மட்டும் எழுது என்கிறது. பிறகு கருவியின் பெயர். அதை அடுத்து, முன்னது பழுதின்றி முடிந்தால் மட்டும் பின்னதைச் செய் என்னும் இரட்டைக் குறி. கடைசியில், புதிய பட்டியலை ஏற்றுக்கொள் என்று ரூட்டர் மென்பொருளுக்கு இடும் கட்டளை. இவ்வளவும் ஆயத்தமாயிருந்தும், வரியின் தலையில் ஒரு விலக்குக்குறி இட்டு அதைச் செயலற்றதாக வைத்தே வழங்குகிறார்கள். சர்வரின் அதிகாரி அந்த ஒற்றைக் குறியை நீக்கினாலன்றிச் சோதனை நடவாது. கருவி எத்தனை தானியங்கியாயிருந்தாலும் அதற்கு முன்னால் ஒரு மனிதனின் சங்கல்பம் நிற்கிறது. அந்தச் சங்கல்பத்தின் அளவு ஓர் எழுத்தை அழிப்பது.

மீமாம்சா சாஸ்திரம் கர்மங்களை நித்தியம், நைமித்திகம், காமியம் என்று பாகுபடுத்துகிறது. காமியம் பலனை விரும்பிச் செய்வது. நைமித்திகம் ஒரு நிமித்தம் நேர்ந்தபோது செய்வது. நித்தியமோ செய்தால் தனியாக ஒரு பலனைத் தராதது, செய்யாமல் விட்டால் பிரத்தியவாயம் என்னும் தோஷத்தைத் தருவது. 2008இல் நடந்தது போன்ற அபாயம் வந்தபோது அயலாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வடிகட்டிகளை மாற்றுவது நைமித்திகம். இந்த மணிக்கொரு சோதனை சுத்தமான நித்திய கர்மம். அது ஒழுங்காக நடந்தால் எவனுக்கும் இன்றைக்கு நேற்றைவிட இணையம் வேகமாகக் கிடைக்கப்போவதில்லை. நடந்ததென்று கடிதம்கூட வராது. செய்யாது விட்டாலோ? இங்கேதான் அந்தப் பழைய பிரிவு நான் எதிர்பாராத ஆழத்தைக் காட்டிற்று.

சோதனையின் முடிவைப் பெற்ற ரூட்டர், தன்னிடம் வரும் ஒவ்வொரு அறிவிப்பையும் மூன்றில் ஒன்றாக வகுக்கிறது. பத்திரத்தோடு பொருந்தினால் வேலிட். பத்திரம் இருந்தும் அதனோடு முரணினால் இன்வேலிட். அந்த முகவரிக்குப் பத்திரமே இல்லையென்றால் நாட்ஃபவுண்ட். முதலாவதை ஏற்பதும் இரண்டாவதைத் தள்ளுவதும் எளிது. மூன்றாவதை என்ன செய்வது? நியாய மதத்தின்படி பார்த்தால், புறச்சான்று இல்லாத வார்த்தை நிச்சயமற்றது, அதைத் தள்ளவேண்டும். ஆனால் ரோவாவால் காக்கப்பட்ட வழிகள் இணையத்தில் பாதியைக் கடந்ததே 2024இல்தான். அப்படித் தள்ளியிருந்தால் இணையமே இல்லை. ஆகவே உலகெங்கும் வலையமைப்பாளர்கள் மூன்றாவதை ஏற்றுக்கொள்கிறார்கள். பாதகமான சான்று இல்லாதவரை கேட்ட வார்த்தை செல்லும். பாதகமான சான்று வந்தால் விழும். இது வார்த்தைக்கு வார்த்தை குமாரிலருடைய சித்தாந்தம். சர்வரில் ஓடும் சோதனைக் கருவியாகிய வேலிடேட்டர் நையாயிகன்: சான்றில்லாத எதையும் அது பட்டியலில் சேர்ப்பதில்லை, ஒரு முத்திரை பிசகினாலும் கழித்துவிடுகிறது. அதனிடம் பட்டியல் வாங்குகிற ரூட்டர் மீமாம்சகன்: மறுக்கப்படாததையெல்லாம் மெய்யென்று கொள்ளுகிறது. இருவரும் ஒரு கம்பியின் இரு முனைகளில் இருந்துகொண்டு வழக்காடாமல் வாழ்கிறார்கள்.

இப்பொழுது கிரான் வரி ஏதோ காரணத்தால் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வட்டு நிரம்பியிருக்கலாம், மென்பொருளைப் புதுப்பித்தவர் அந்த விலக்குக்குறியைத் திரும்ப இட்டுவிட்டிருக்கலாம். பட்டியலில் உள்ள பதிவுகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். வேலிட் என்றிருந்தவை நாட்ஃபவுண்ட் ஆகும், ஏற்றுக்கொள்ளப்படும். இன்வேலிட் என்று தள்ளப்பட்டவையும் நாட்ஃபவுண்ட் ஆகும், அவையும் ஏற்றுக்கொள்ளப்படும். எந்தக் கம்பியும் அறுபடாது. எவனும் புகார் சொல்ல மாட்டான். வலையமைப்பு மட்டும் ஓசையில்லாமல் 1989ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போயிருக்கும். செய்தபோது பலன் கண்ணுக்குத் தெரியாத கர்மத்தை விட்டபோது வந்த தோஷமும் கண்ணுக்குத் தெரியாது. அதோடு, வெற்றியானால் கடிதம் எழுதாதே என்று நாமே சொல்லிவைத்திருப்பதால், காரியம் செவ்வனே நடக்கும் மௌனமும், காரியமே நடக்காத மௌனமும் நம் செவிக்கு ஒன்றாகவே படும். பிரத்தியவாயம் என்பது வைதிகர்கள் ஜனங்களை மிரட்டுவதற்குக் கற்பித்த வெறும் அதிருஷ்டம் என்று இளமையில் நான் எண்ணியதுண்டு. கண்டறிய முடியாதபடி கூடிக்கொண்டே போகும் ஒரு குறைக்கு அதைவிடத் துல்லியமான பெயர் எனக்கு இன்று கிடைக்கவில்லை.

நடப்பதினாலேயே தீங்கு விளைவதும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி, ஸ்பெயினில் ஆரஞ்ச் நிறுவனத்தின் இணையம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நிலைகுலைந்தது. ரைப் தலைமையிடத்தில் அந்நிறுவனத்துக்கு இருந்த கணக்கின் கடவுச்சொல் எவனும் ஊகிக்கத்தக்க எளிமையுடையதாயிருந்தது. அதைக் கைப்பற்றிய ஒருவன் உள்ளே புகுந்து, ஆரஞ்சின் முகவரிகளை வேறோர் எண்ணுள்ள வலையமைப்பே அறிவிக்கலாம் என்று ரோவா எழுதிவைத்தான். கையொப்பத்தில் பிழையில்லை, சங்கிலியில் பிழையில்லை, படிகள் மூன்றோ நான்கோ அத்தனையும் ஒழுங்காகத் தலைமையில் போய் முடிந்தன. உலகெங்கும் சர்வர்கள் தத்தம் நிமிஷம் வந்தபோது எழுந்து, அந்தப் பத்திரத்தை எடுத்து, சோதித்து, மெய்யென்று கண்டு, ஆரஞ்சின் உண்மையான அறிவிப்புகளை இன்வேலிட் என்று தள்ளத் தொடங்கின. சோதனையில் சிரத்தையுள்ள வலையமைப்புகள் ஆரஞ்சைக் கைவிட்டன; சோதனையே செய்யாத சோம்பேறிகளிடம் அதற்கு வழி திறந்தே இருந்தது.

நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தன் என்பவனுக்கு இலக்கணம் சொல்லும்போது, பொருளை உள்ளபடி கண்டவனாயும், கண்டபடி சொல்லும் விருப்பமுள்ளவனாயும் இருப்பவன் என்கிறார். அந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்று ஜாதி நீக்கியும் சொல்லுகிறார். கையொப்பம் எதை நிலைநாட்டுகிறது? சொன்னவன் இன்ன சாவியை வைத்திருப்பவன் என்பதை. சாவியை வைத்திருப்பவனே உரியவன்தானா என்பதும், அவன் உள்ளதைச் சொல்ல விரும்புகிறானா என்பதும் கணிதத்துக்கு எட்டாதவை. மேலும் இந்தச் சோதனை வழியின் மூலத்தை மட்டுமே ஆராய்கிறது. மூலத்துக்கும் நமக்கும் இடையே அந்த வார்த்தையை வாங்கி வாங்கிச் சொன்னவர்கள் யார் யார், அவர்கள் அதைத் திரிக்கவில்லையா என்பதை அது கேட்பதே இல்லை. வழி முழுவதையும் கையொப்பத்தால் கட்டும் பி.ஜி.பி.செக் என்ற முறை 2017இலேயே வகுக்கப்பட்டும் நடைமுறையில் ஊன்றவில்லை. பரம்பரையின் முதல்வரை அறிந்துகொண்டு நடுவிலுள்ளவர்களை அறியாமல் உபதேசத்தை ஏற்கும் நிலைதான் இன்றைக்கு இருப்பது.

இன்னொரு சிக்கல், தர்க்க நூலார் அன்னியோன்யாசிரயம் என்று பெயரிட்ட குற்றம். வழிகளைச் சோதிப்பதற்கு வேண்டிய பத்திரங்களை வேலிடேட்டர் எதன் மூலமாகப் பெறுகிறது? அதே வழிகளின் மூலமாக. தவறான ஒரு ரோவா, களஞ்சியம் இருக்கும் முகவரியையே இன்வேலிட் ஆக்கிவிட்டால், அதைத் திருத்தும் பத்திரம் அக்களஞ்சியத்தில் ஆயத்தமாயிருந்தும் அதை எடுத்துவர வழி இராது. சான்றிதழ்களின் காலத்தை அறியச் சர்வரின் கடிகாரம் சரியாயிருக்க வேண்டும். அந்தக் கடிகாரத்தைத் திருத்தும் செய்தியும் வலையமைப்பின் வழியாகவே வருகிறது. இவ்விதமாக ஒன்றையொன்று பற்றி நிற்பவை இரண்டும் விழும் என்பது தர்க்கம். ஆனால் மேலே உறுத்தலாகத் தோன்றிய காலாவதியே இங்கே விமோசனமாக வருகிறது. தவறான பத்திரத்தை வைத்திருக்கும் பழைய ஓலை ஓரிரு நாளில் செல்லாததாகும், அது செல்லாததானவுடன் களஞ்சியத்தின் முகவரி நாட்ஃபவுண்ட் ஆகும், மீமாம்சகனாகிய ரூட்டர் அதை ஏற்றுக்கொள்ளும், வழி திறக்கும், அடுத்த மணியில் திருத்தம் வந்து சேரும். என்றும் அழியாத நிச்சயத்தை நாம் அந்தக் கருவிக்குக் கொடுத்திருந்தால் அது தன் பிழைக்குள்ளேயே என்றும் அடைபட்டிருக்கும். முடிவு நாள் உள்ள மெய்யை நித்தியமான மெய்யைவிடத் தாழ்ந்ததென்று எண்ணியது அவசரம். பிழைபடக்கூடிய அறிவுக்கு, தன்னைத் தானே மறந்துவிடும் குணம் ஒரு பூஷணமே.

மௌனம் இரண்டும் ஒன்றாய்த் தோன்றும் சங்கடத்துக்கு, சர்வர் நடத்துகிறவர்கள் கண்ட பரிகாரம் இரண்டாவது காவல். பட்டியல் கோப்பு எத்தனை பழையது என்று பார்க்கும் வேறொரு சிறு வேலையை வேறோர் இயந்திரத்தில் அமைத்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் கூவு என்று சொல்லிவைக்கிறார்கள். அந்தக் காவல் நின்றுவிட்டால்? அதற்கொரு காவல் வேண்டும். இந்த வினாவுக்கு நையாயிகராகிய உதயனர் சொன்ன விடை பிரசித்தம்: ஐயம் ஓர் எல்லை வரையில்தான் செல்லும், ஐயப்படுகிறவன் தன் நடத்தையினாலேயே தன் ஐயத்தை மறுக்கும் இடம் வந்ததும் அது நிற்கும். நெருப்பால் புகை உண்டாகுமா என்று சந்தேகிப்பவன் புகை வேண்டும்போது நெருப்பையே மூட்டுகிறான். வேதாந்தியாகிய ஸ்ரீஹர்ஷர் இதற்கு மறுமொழியாக, முரண் என்று ஒன்று இருக்குமானால் ஐயம் அதற்கு முன்னமே இருந்தாக வேண்டும், பிறகு முரண் எப்படி ஐயத்துக்கு எல்லையாகும் என்று கேட்டார். வாதத்தில் ஸ்ரீஹர்ஷரே வென்றார் என்பது என் அபிப்பிராயம். வேலிடேட்டருக்கும் ரூட்டருக்கும் இடையிலான நெறிமுறையை எழுதியவர்கள், 3,600 வினாடிக்கு ஒரு தரம் புதிதாகக் கேள், கிடைக்காவிட்டால் 600 வினாடி பொறுத்து மறுபடியும் கேள், 7,200 வினாடி ஆகியும் விடை இல்லையேல் கையிலிருப்பதைக் கைவிடு என்று மூன்று எண்களைப் பரிந்துரைத்துவிட்டு அந்த வாதத்துக்குள் நுழையாமல் போய்விட்டார்கள். ஐயம் முடிந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. மறுபடி கேட்காமல் எத்தனை நேரம் நம்பலாம் என்பதை மட்டும் நிர்ணயித்தார்கள்.

ஒன்று மட்டும் இந்த நிர்ணயத்துக்கு வெளியே நிற்கிறது. பத்திரத்துக்கு நாள் உண்டு. ஓலைக்கு நாள் உண்டு. பட்டியலுக்கு நாள் உண்டு. கருவியோடு வரும் அந்த ஐந்து கோப்புகளில் உள்ள சாவிகளுக்கு நாள் குறிக்கப்படவில்லை. அவற்றை வைத்திருப்பவை மனிதர் நடத்தும் ஸ்தாபனங்கள். ஆப்ரினிக்கின் வங்கிக் கணக்குகள் 2021இல் மொரீஷியஸ் நீதிமன்றத்தின் ஆணையால் முடக்கப்பட்டன. 2023இல் நீதிமன்றமே அதை நிர்வகிக்க ஓர் அதிகாரியை நியமிக்கும் நிலை வந்தது. அந்தக் காலம் முழுவதும் சர்வர்களில் அதன் கோப்பு இருந்தபடியே இருந்தது, சோதனைகள் வழக்கம் போலவே ஓடின. மூலச்சாவியை மாற்றுவதற்கு அண்மையில் ஒரு முறை வகுத்திருக்கிறார்கள்; அதன்படி புதிய சாவிக்குச் சாட்சி சொல்வது பழைய சாவி. தலைமையை ஐயப்படுகிறவனுக்கு அந்தச் சாட்சி பயன்படாது. ஐயப்படாதவனுக்கு அது வேண்டியதில்லை. கௌதமரின் துலாக்கோலைச் சோதிக்க, நிறை தெரிந்த பொன் வேறோரிடத்தில் இருக்கவேண்டும். இங்கே பொன்னும் கோலிலிருந்தே வருகிறது. ஐந்தில் எதையும் இனி நம்புவதில்லை என்று ஒருவர் என்றேனும் தீர்மானிக்க நேர்ந்தால், அந்தக் கோப்பைக் கையால் நீக்கவேண்டும். அதற்குரிய வேளையை எந்தக் கிரானும் சொல்லாது. ஐந்து கட்டங்களில் எதை எழுதுவது என்று நானும் யோசித்துப் பார்த்தேன், எழுதத் தோன்றவில்லை.